பட்டமும் பணியும்: நியூகாசில், 1967

பல்கலைக்கழகங்கள் தம் பட்டமளிப்பு விழாக்களில் சான்றோர் சிலரை அழைத்து, அவர்கள் தேர்வு எழுதாமலேயே கௌரவ டாக்டர் பட்டம் வழங்குவது நெடுநாளைய வழக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இதனைக் காண்கிறோம். பட்டம் பெறுபவர் அங்கி அணிந்து நிற்பார், அவருடைய பெருமைகளை ஒருவர் எடுத்துரைப்பார், வேந்தர் பட்டத்தை அளிப்பார், அவை கைதட்டும். அத்துடன் பெரும்பாலும் நிகழ்ச்சி நிறைவுறும். ஆயினும், பட்டம் பெற்றவர் அந்த மேடையையே திருப்பணிக்குரிய இடமாக மாற்றிய நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. 1967 நவம்பர் 13 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பட்டம் வழங்கிய விழாவை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

சிறையிலிருந்து மேடைக்கு

கிங் கல்வியால் டாக்டர் பட்டம் பெற்றவர் என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 1948இல் மோர்ஹவுஸ் கல்லூரியிலும், 1951இல் குரோசர் இறையியல் கல்லூரியிலும் பட்டம் பெற்ற அவர், 1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முறைமை இறையியலில் ஆய்வுப் பட்டம் பெற்றார். அதன் பின்னர்க் கௌரவப் பட்டங்கள் அவரைத் தேடி வந்தன. அவற்றுள் சில, சிறைக்கதவு திறந்த கையோடு வந்தவை. 1964 ஜூன் 11 அன்று புளோரிடா மாநிலத்தில் கைது செய்யப்பட்ட அவர், ஜூன் 15 அன்று யேல் பல்கலைக்கழகத்தில் அங்கி அணிந்து நின்றார். அதே ஆண்டில் நோபல் அமைதிப் பரிசும் அவருக்கு வழங்கப்பெற்றது.

1967இல் நிலைமை மாறியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு ஆலயத்தில் வியட்நாம் போரை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். அதுவரை அவரைப் போற்றிய பலர் விலகினர். நாட்டின் முன்னணி நாளிதழ்கள் அவரைக் கடிந்து எழுதின. குடியுரிமை இயக்கத்தின் தோழர்களுள்ளும் சிலர், போரைப் பற்றிப் பேசுவது அவருடைய வேலையன்று என்றனர். 1963ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று பர்மிங்ஹாம் நகரில் நீதிமன்றத் தடையை மீறி ஊர்வலம் சென்றதற்காக விதிக்கப்பட்ட ஐந்து நாள் தண்டனையை உச்சநீதிமன்றம் 1967 ஜூனில் உறுதி செய்தது. அக்டோபர் இறுதியில் அவர் மீண்டும் சிறை புகுந்தார். விடுதலை பெற்ற இரு வாரங்களுக்குள் அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூகாசில் வந்தடைந்தார்.

டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக இருந்து 1963இல்தான் தனித்தியங்கத் தொடங்கியது நியூகாசில் பல்கலைக்கழகம். அத்தகைய இளம் நிறுவனம், சொந்த நாட்டில் மதிப்புக் குறைந்துவந்த ஒரு போதகரைத் தேர்ந்து அழைத்தது சிந்திக்கத்தக்கது. அவருடைய வாழ்நாளில் அவரைக் கௌரவித்த பிரித்தானியப் பல்கலைக்கழகம் இது ஒன்றே. தன் ஊரில் தீர்க்கதரிசிக்கு மதிப்பில்லை என்ற நம் ஆண்டவரின் கூற்று இங்கு நம் நினைவுக்கு வருவது இயல்பே.

மேடையில் அவர் மொழிந்தவை

வேந்தராகிய நார்தம்பர்லாந்து பிரபு, குடிமைச் சட்டத்தில் கௌரவ டாக்டர் பட்டத்தை அவருக்கு அளித்தார். கிங் உரை எதனையும் எழுதிக்கொண்டு வந்திருக்கவில்லை. எனினும் எழுந்து சில நிமிடங்கள் பேசினார். இப்பெருமை தமக்கு ஊக்கமளிப்பதாகக் கூறி நன்றி நவின்ற பின், உலகம் எதிர்நோக்கும் பெரும் சிக்கல்கள் மூன்றை எடுத்துரைத்தார்: நிறவெறி, வறுமை, போர். இனங்கள் ஒன்றையொன்று சார்ந்தே வாழ வேண்டியவை என்றார். சட்டத்தால் உள்ளத்தை மாற்ற இயலாது என்போருக்கும் விடையிறுத்தார். ஒருவன் தம்மை நேசிக்கும்படி சட்டம் செய்யாமல் இருக்கலாம். ஆனால் தம்மைக் கொல்லாதபடி அவனைத் தடுக்க அதனால் இயலும். அதுவும் இன்றியமையாததே என்பது அவர் வாதம். நியாயமும் நீதியும் நீர்ப்பெருக்கைப் போல் புரண்டோட வேண்டும் என்ற ஆமோசின் வாக்கை நினைவூட்டி உரையை முடித்தார்.

நன்றியுரை இங்ஙனம் இறைவாக்காயிற்று. தமக்குக் கிடைத்த சில மணித்துளிகளைத் தம்மைப் பற்றிப் பேச அவர் செலவிடவில்லை. அந்த மண்டபத்தில் இடம்பெறாத ஏழைகளையும் ஒடுக்கப்பட்டோரையும் பேச்சால் உள்ளே அழைத்து வந்தார். அவ்வூரில் அவர் தங்கியது ஒரு நாளுக்கும் குறைந்த நேரமே. ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், 1968 ஏப்ரல் 4 அன்று, மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நிற்கவே அங்குச் சென்றிருந்தார் என்பது, நியூகாசிலில் பேசியதை அவர் வாழ்ந்து காட்டினார் என்பதற்குச் சான்றாகும். 2017இல், அவ்விழாவின் பொன்விழா ஆண்டில், பல்கலைக்கழக வளாகத்தில் அவருக்குச் சிலை நிறுவப்பெற்றது.

திருவனந்தபுரத்தில் பெற்ற பெயர்

இவ்விழாவோடு வேறொரு நிகழ்ச்சியையும் ஒப்பிட்டு நோக்க விரும்புகிறோம். 1959இல் கிங்கும் அவர் துணைவியாரும் இந்தியாவுக்கு வந்து ஒரு மாத காலம் பயணம் செய்தனர். அப்போது திருவனந்தபுரத்தில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றுக்குச் சென்றார். தலைமை ஆசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர் ஒருவர் என்று அவரை மாணவருக்கு அறிமுகப்படுத்தினார். கிங் அதிர்ச்சியுற்றார், சற்றே மனம் நொந்தார். பின்னர்த் தம் நாட்டில் வறுமையிலும் ஒதுக்கலிலும் உழன்ற இலட்சக்கணக்கான தம் மக்களை எண்ணிப் பார்த்தார். அப்பெயர் தமக்கு உரியதே என உணர்ந்தார். இதனை 1965இல் அட்லாண்டாவில் தம் சபையாருக்குப் பிரசங்கித்தபோது அவரே எடுத்துரைத்தார்.

நியூகாசிலில் அவரை அறிமுகப்படுத்தியவர் புகழ்மொழி கூறினார். திருவனந்தபுரத்தில் அறிமுகப்படுத்தியவர் இழிவாகக் கருதப்பட்ட ஒரு பெயரைச் சூட்டினார். முதலில் வந்த அப்பெயரை ஏற்றுக்கொண்டமையாலேயே, பின்னர் வந்த பட்டத்தை அவர் செம்மையாகப் பயன்படுத்த முடிந்தது என்பது நம் துணிபு.

டாக்டர் என்னும் சொல்

டாக்டர் என்ற இலத்தீன் சொல்லுக்குப் போதிப்பவர் என்பது பொருள். கிங் எவருடைய பெயரைத் தாங்கினாரோ, அந்தச் சீர்திருத்தத் தந்தை லூதர் 1512இல் விட்டன்பர்க்கில் இறையியல் டாக்டர் பட்டம் பெற்றவர். அப்போது எடுத்த உறுதிமொழியே திருமறையைப் போதிக்கத் தம்மைக் கட்டாயப்படுத்துகிறது என்று பிற்காலத்தில் பலமுறை அவர் சுட்டிக்காட்டினார். பட்டம் அவருக்குக் கடன், அணிகலனன்று.

இன்று நம் திருச்சபைகளில் பெயருக்கு முன்னால் அடைமொழி சேர்க்கும் ஆவல் பெருகியுள்ளது. சுவரொட்டிகளிலும் அழைப்பிதழ்களிலும் அதனைக் காண்கிறோம். பட்டம் பெறுதல் பாவமன்று. கிங்கும் அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கியை அணிந்த பின் யாருக்காக வாய் திறக்கிறோம் என்ற வினா நம்மை விடாது. சேரியில் வாழும் நம் சபையார் நம்மைத் தம்மவர் என்று அழைத்தால், அப்பெயரை ஏற்க நாம் ஆயத்தமா? அதற்கு ஆம் எனக் கூறக்கூடியவர்க்கே மற்றப் பட்டங்களும் பொருந்தும்.