1.7 மில்லிநொடி: கிளெமாஸ்டினும் கைகால் செயலிழப்பும்

வெயிலில் கிடந்த சூரை மீனைச் சமைத்துச் சாப்பிட்டால் சிறிது நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்துவிடுவதுண்டு. மீன் தசையிலுள்ள ஹிஸ்டிடினை பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழிவதில்லை. வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் இதற்கு உடனே நினைவுக்கு வருவது மருந்துக் கடையின் அரிப்பு மாத்திரைதான். அந்த ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த கிளெமாஸ்டின், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயால் செயலிழந்த கைகாலை மீட்டுத்தரும் என்ற பேச்சை ஆய்வுகள் இன்றுவரை ஆதரிக்கவில்லை என்பதே என் வாதம்.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைச் சிதைக்கிறது. செய்தி தாமதப்படுகிறது, கால் மரத்து, நடை தளர்கிறது. பாரிசில் 1868இல் ஷார்கோ இந்நோயைத் தெளிவாக வரையறுத்தார். முதல் ஹிஸ்டமின் எதிர்ப்புப் பொருளை 1937இல் போவேயும் ஸ்டோபும் கண்டறிந்ததும் அதே நகரில்தான். இரண்டு இழைகளும் ஒன்றுசேர 2014 ஆனது. சான்பிரான்சிஸ்கோவில் ஜோனா சான் குழுவினர் நுண்ணிய கூம்புத் தூண்களின்மேல் செல்கள் உறை சுற்றுவதைப் பார்த்துப் பல மருந்துகளைச் சோதித்தபோது கிளெமாஸ்டின் தனித்து நின்றது. அது உறையை வளர்த்தது ஹிஸ்டமினைத் தடுத்ததால் அன்று. மஸ்காரினிக் ஏற்பிகளைத் தடுத்ததால். ஆகவே கடையில் கிடைக்கும் அரிப்பு மாத்திரையான செட்டிரிசினை அதற்கு ஈடாக வைப்பதற்கு அடிப்படையே இல்லை.

2017இல் வெளியான ‘ரீபில்ட்’ ஆய்வில் இந்நோயால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்ட 50 பேர் பங்கேற்றனர். நாளுக்கு இருவேளை, வேளைக்கு 5.36 மில்லிகிராம் கிளெமாஸ்டின். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் தாமதம் சராசரியாக 1.7 மில்லிநொடி குறைந்தது. வளர்ந்தவர் மூளையிலும், பழைய காயத்திலும்கூட, உறை மீளலாம் என்பதற்கு இது அரிய சான்று. இதைச் சிறிதென்று தள்ளமாட்டேன். ஆனால் அளந்தது கண்ணின் நரம்பை, காலின் நடையை அல்ல. மருந்து எடுத்தவர்களுக்குச் சோர்வு கூடவும் செய்தது.

பிறகு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ‘ட்ராப்’ ஆய்வில், நோய் படிப்படியாக முற்றிவந்தவர்களுக்கு இதே மருந்து தரப்பட்டது. ஒன்பது பேரில் மூவருக்கு இயலாமை வேகமாக மோசமாகவே, கிளெமாஸ்டின் பிரிவையே நிறுத்திவிட்டார்கள். ஒருவகை நோயாளியிடம் உறையைச் சீராக்கியது, இன்னொரு வகையினரிடம் கேடு செய்திருக்கக்கூடும். வெறும் மாத்திரைச் சீட்டைப் பார்த்து இந்த வேறுபாடு தெரியாது. நரம்பியல் மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும்.

நம் கடற்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடல் சூடேறினால் இந்நோயின் தளர்ச்சி கூடும், குளிர்ந்தால் குறையும். உடலுழைப்புக்குப் பின் இந்நோயாளிகளின் பார்வை தற்காலிகமாக மங்குவதை மருத்துவர் ஊத்தாஃப் 1890இலேயே எழுதியிருக்கிறார். சித்திரை உச்சிவெயிலில் தூக்க முடியாமல் கனத்த கால், மாலைக் கடற்காற்றில் தானாகவே சற்றுத் தேறும். இடையில் மாத்திரை போட்டவர் மாத்திரைதான் தேற்றியது என்பார், அவர் வீட்டாரும் அப்படியே நம்புவார்கள். ஆகவே இங்கே இந்த மருந்தை ஆராய முனைவோர், போலி மாத்திரை பெறும் ஒப்பீட்டுக் குழுவோடு, ஒரே வெப்பநிலையில், ஒரே நேரத்தில் நோயாளியை நடக்கவைத்து அளந்தாக வேண்டும்.