பனிமலையின் கடன்

“எவரெஸ்டின் முடியை முதலில் மிதித்தவர் யார்?” என்று வகுப்பிலே கேட்டால், டென்சிங், ஹில்லாரி என இரு பெயர்கள் உடனே எழுகின்றன. 1953 மே 29 என்று நாளையும் சேர்த்துச் சொல்லும் மாணவரும் உண்டு. அப்பயணத்தின் மூட்டைகளைச் சுமந்த 350க்கும் மேற்பட்ட தோள்களுக்கு உரியவர் யாவர் என்று நாமும் கேட்பதில்லை, பாடநூலும் சொல்வதில்லை!

1922 ஜூன் 7இல் ஆங்கிலேயக் குழு அம்மலையில் ஏறுகையில் பனிச்சரிவிலே எழுவர் மாண்டனர். எழுவரும் சுமை தூக்கிய மலைமக்கள். வெள்ளையரில் ஒருவரும் மடியவில்லை. ஏறும் ஆசை ஒருவருக்கு, இறக்கும் உரிமை மற்றொருவருக்கோ? அன்று உயிர் தப்பியவருள் ஒருவரான மருத்துவர் சோமர்வெல், தம்மவரில் ஒருவரேனும் உடன் மாண்டிருக்கலாகாதா என்று ஏங்கியவர். பின்னர் குமரி மாவட்டத்து நெய்யூரில் பல்லாண்டு நோயாளர்க்குத் தொண்டாற்றியவரும் அவரே.

வந்தவர் தந்தது கூலி. ஷெர்ப்பா மக்கள் தந்தது வழியும், வலிமையும், சிலவேளை உயிரும். இந்தக் கணக்கைக் கூச்சத்தோடு பார்த்தவர், நியூசிலாந்துத் தேனீ வளர்ப்பாளரான ஹில்லாரி.

1960இல் அவர் மீண்டும் வந்தபோது, குழுவின் வேலைகளில் ஒன்று ‘எட்டி’ என்னும் பனிமனிதனைத் தேடுவது! கும்ஜுங் ஊர் மடத்திலே பனிமனிதனின் மண்டைத்தோல் என ஒன்றைப் போற்றி வைத்திருந்தனர். நகைக்கத் தோன்றுகிறது. ஆனால், தாம் போற்றும் பொருளைச் சோதித்துப் பார்க்கட்டும் என்று அறிவியலார் கையிலே ஒப்படைக்க எத்தனை மடங்கள் முன்வரும், தோழர்களே? அவ்வூரார் ஒப்படைத்தனர். ஊர்ப் பெரியவர் குன்ஜோ சும்பி அதனுடன் சிகாகோ, பாரிஸ், இலண்டன் வரை சென்றார். ஆய்வு சொன்ன முடிவு: அது சீரோ என்னும் காட்டு விலங்கின் தோலால் வடித்தது. தோல் ஊருக்கே திரும்பியது.

ஊரார் ஹில்லாரியிடம் கேட்டதோ பள்ளிக்கூடம்! 1961இல் கும்ஜுங்கில் பள்ளி திறந்தது. அங்கே பயின்றோர் மருத்துவராயினர், விமானம் ஓட்டினர். 1964இல் லுக்ளாவில் விமானத் தளம் அமைந்தது. மண் இறுகாதிருக்கவே, ஷெர்ப்பாக்கள் வரிசையாகக் கைகோத்துக் காலால் மிதித்து ஆடியே அதனை இறுக்கினராம். 1966இல் குண்டேயில் மருத்துவமனை எழுந்தது. அயோடின் குறைவால் வந்த கழுத்துக்கழலை அங்கே மருந்தால் தணிந்தது, மந்திரத்தால் அன்று.

கொடுத்ததிலும் கேடு கலந்தது. தளம் வந்ததும் பயணியர் பெருகினர், விறகுக்காகக் காடு குறைந்தது. ஹில்லாரியே வருந்தினார். 1976இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று.

2014 ஏப்ரல் 18இல் மீண்டும் பனிச்சரிவு. மாண்டவர் 16 பேர், அனைவரும் நேபாளியர். இறுதிச் செலவுக்கென அரசு முதலில் அறிவித்த தொகை, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். 1922இல் சுமந்தோருக்குக் கேட்க நாவில்லை. இம்முறை கோரிக்கைகளை எழுதி நீட்டினர். ஏறமாட்டோம் என்று கீழிறங்கினர். அவ்வாண்டு நேபாளப் பக்கத்து எவரெஸ்டுப் பயணங்கள் ஏறத்தாழ அனைத்தும் நின்றுபோயின.