கைகளை நீட்டி நடந்த பூதம்

யுனிவர்சல் நிறுவனத்தின் ஃபிராங்கன்ஸ்டைன் வரிசையில் ஐந்தாவது, 1943-இல் வெளியான ‘ஃபிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் தி உல்ஃப் மேன்’. 1931, 1935 ஆண்டுகளில் ஜேம்ஸ் வேல் இயக்கிய முதலிரு படங்களை அறிந்தவர்களுக்கு இது ஏமாற்றமே. போரிஸ் கார்லாஃபின் நடிப்பில் துயருற்ற உயிராக இருந்த பூதம், இதில் காரணமின்றித் தடுமாறும் பொம்மையாகிவிட்டது. பழி பெலா லுகோசியின் மீது விழுந்தது.

பழிக்குரியவர் அவரல்லர். 1942-இல் வந்த முந்தைய படத்தின் முடிவில் இகோரின் மூளை பூதத்துக்குப் பொருத்தப்படுகிறது. இரத்த வகை பொருந்தாமல் அதன் பார்வை பறிபோகிறது. இகோராக நடித்தவரும் லுகோசியே. ஆகவே கர்ட் சியோட்மாக்கின் திரைக்கதையில் பூதம் பார்வையற்றது, பேசவும் செய்தது. (இவ்வரிசையில் கதைத் தொடர்ச்சி அவ்வளவு அக்கறையாகப் பேணப்பட்டது அரிது!) அறுபது வயது லுகோசி அவ்வாறே நடித்துக் கொடுத்தார். பிறகு வசனம் முழுவதையும் வெட்டினார்கள். அவருடைய ஹங்கேரிய உச்சரிப்பு சிரிப்பை வரவழைத்தது என்பது சியோட்மாக் பிற்காலத்தில் கூறிய காரணம். பார்வையின்மை பற்றிய குறிப்புகளும் அவற்றோடு போயின. எஞ்சிய படத்தில் சில இடங்களில் உதடுகள் அசைகின்றன, குரல் இல்லை.

1931-இலேயே இவ்வேடத்துக்கு முதலில் எண்ணப்பட்டவர் லுகோசி என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இன்று பூதம் என்றதும் சிறுவர்கள் கைகளை முன்னே நீட்டி விறைப்பாக நடந்து காட்டுகிறார்களே, அது கார்லாஃபின் நடையன்று. கண் தெரியாமல் வழி துழாவிய லுகோசியின் நடை. 1948-இல் ‘அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பூதமாக வந்த கிளென் ஸ்ட்ரேஞ்சும் அப்படித்தான் நடந்தார். அந்தப் பூதத்துக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.