மகள் வீட்டுக்கு அடியில் இருந்த புல்வெளி



மெல்போர்னின் மேற்கே மகள் வீட்டில் இருக்கிறேன். இந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் புல்வெளி. பழங்குடியினர் அளவாகத் தீயிட்டுப் பேணியது. 1835-இல் வெள்ளையர் ஆடுகளோடு வந்தார்கள். பிறகு ஏர், உரம், அயல்நாட்டுப் புல். இப்போது எங்களைப் போன்றவர்களின் வீடுகள். பழைய புல்வெளியில் நூற்றில் ஒரு பங்குகூட நல்ல நிலையில் மிஞ்சவில்லை.

அதோடு சேர்ந்து அருகிப்போனது 'கோல்டன் சன் மாத்'. அந்துப்பூச்சிதான், ஆனால் பறப்பது நல்ல வெயிலில். வளர்ந்த பூச்சிக்கு வாய் இயங்காது. சாப்பிடாமலே சில நாளில் ஆயுள் முடிந்துவிடும். ஆண் தாழப் பறந்து தேடும். பெண் தரையில் அமர்ந்து பொன்னிறப் பின்சிறகைக் காட்டும். ஆண்கூட நூறு மீட்டருக்கு அப்பால் அதிகம் போவதில்லை. நடுவே பெரிய இடைவெளி வந்தால் இரண்டு கூட்டமும் பிரிந்தவைதான்.

புழு மண்ணுக்குள் வாலபி புல்லின் வேரைத் தின்னும். களையென்று ஒழிக்கப்படும் சிலி ஊசிப்புல்லின் வேரையும் தின்கிறது! பிடுங்குவதா, விடுவதா?

2002-இல் மிக அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். தேடத் தேடப் புது இடங்கள் தெரியவந்ததால் 2021-இல் அந்த நிலையைத் தளர்த்தினார்கள். புல்வெளி என்னவோ குறைந்துகொண்டுதான் வருகிறது.

முப்பது வருடம் உங்களுக்கு அரசர் பட்டியலே நடத்தினேன், புல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டிசம்பரில் பேரனோடு வெயிலில் தேடப் போகிறேன்.