விந்து தண்ணி மாதிரி இருந்தா குழந்தை பிறக்காதா? உண்மை இதுதான்!

"விந்து நீர்த்துப் போச்சு, இனி குழந்தை பிறக்காது" என்ற பயத்தில் லேகியம், பவுடர் என்று காசை கரைக்கும் ஆண்கள் ஏராளம். கெட்டித்தன்மையை வைத்து ஆண்மையை முடிவு செய்ய முடியுமா?

விந்தும் விந்தணுவும் ஒன்றா?

இல்லை. விந்து என்பது திரவம். அதில் விந்தணுக்களின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் விந்துப் பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். அதனால் கெட்டியான விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாமல் இருக்கலாம். நீர்த்த விந்தில் தேவையான அளவு இருக்கலாம்.

ஏன் தண்ணியா மாறுது?

வெளியேறியதும் விந்து கூழ் போல உறையும். புராஸ்டேட் தரும் பி.எஸ்.ஏ. என்ற நொதி, வழக்கமாக 15 முதல் 30 நிமிடத்தில் அதை இளக வைக்கும். இது இயல்பானது. அடுத்தடுத்து வெளியேறினாலும் விந்து நீர்த்துத் தெரியும்.

எப்போ கவனிக்கணும்?

ஒரு மணி நேரமாகியும் இளகவில்லை என்றால் விந்தணுக்கள் நீந்துவது சிரமம். ரத்தம் கலந்து வந்தாலோ, வலி, துர்நாற்றம் இருந்தாலோ டாக்டரை பாருங்க.

டெஸ்ட்டில் என்ன பார்ப்பாங்க?

2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 2021 கையேடு தரும் குறைந்தபட்ச அளவுகள்:

* விந்தின் அளவு: 1.4 மி.லி.
* விந்தணுக்கள்: ஒரு மி.லி.க்கு 1.6 கோடி
* அசையும் விந்தணுக்கள்: 42%
* சரியான வடிவம் உள்ளவை: 4%

இதற்குக் கீழே போனாலே குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. ரிசல்ட் சரியில்லை என்றால், இன்னொரு முறை டெஸ்ட் எடுத்துப் பார்த்துதான் முடிவு செய்வார்கள்.

என்ன செய்யலாம்?

விந்தணு உருவாக சுமார் இரண்டரை மாதம் ஆகும். அதனால் சிகரெட், மதுவை இன்று விட்டால் பலன் தெரிய மூன்று மாதமாவது காத்திருக்கணும். உடம்பு ஏற்ற போடும் டெஸ்டோஸ்டிரோன், ஸ்டீராய்டு ஊசிகள் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடலாம். ஜிம் போறவங்க உஷார்!

ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் டெஸ்ட் எடுக்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போகணும். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி தம்பதிகளிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆணுக்கான முதல் டெஸ்ட்டில் ஊசி, கத்தி எதுவும் கிடையாது. அதனால் மனைவியை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல், நீங்களும் கூட போங்க.