குறுஞ்செய்தி மீட்பு: மோடமும் நிரல் நூலகமும்

கைப்பேசியிலோ மோடத்திலோ சேமிக்கப்பட்டுள்ள குறுஞ்செய்திகளை, இணைக்கப்பட்ட கணினி அல்லது நுண்கட்டுப்படுத்தி வழியாகப் படித்தெடுப்பது குறுஞ்செய்தி மீட்பு எனப்படும். இதற்கென எழுதப்பட்ட நிரல் தொகுப்புகளே நூலகங்கள். விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, மேல்மலையனூர் போன்ற கிணற்றுப் பாசன வட்டாரங்களில் இது வயல் வேலையோடு தொடர்புடையது. மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களில், இரவில் கிணற்றடிக்குப் போகாமல் மோட்டாரை இயக்க உதவும் கைப்பேசி ஸ்டார்ட்டர்களில் பல இம்முறையில் இயங்குபவை.

தோற்றம்

1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடத்தில், 'கவனி' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளான 'ஏ.டி.' என்று தொடங்கும் கட்டளைகள் அறிமுகமாயின. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். பின்னர் ஜி.எஸ்.எம். தரநிலை, பழைய ஏ.டி. கட்டளை முறையையே குறுஞ்செய்திக்கும் விரிவாக்கியது. சேமிப்பிடத்தைத் தேர்தல், பட்டியலிடல், ஒன்றைப் படித்தல், அழித்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை உண்டு.

1990-களின் இறுதியில் நோக்கியா கைப்பேசிகளுக்காக 'க்னோக்கி' என்னும் கட்டற்ற மென்பொருள் உருவானது. அதன் வழிவந்த 'கம்மு' பல நிறுவனக் கருவிகளையும் ஆதரித்தது. இதனைப் பைத்தான் மொழியிலிருந்தும் அழைக்கலாம். முதல் செய்தியைக் கேட்டு, அடுத்ததை அடுத்ததை என்று தீரும்வரை கேட்பதே இதன் வழக்கமான முறை.

சேமிப்பிடம் நிரம்பினால்

சிம் அட்டையில் ஒரு செய்திக்கு 176 பைட் கொண்ட ஓர் அறை ஒதுக்கப்படுகிறது. அதன் முதல் பைட், அறை காலியா, செய்தி படிக்கப்பட்டதா, படிக்கப்படாததா என்பதைக் குறிக்கும். அறைகள் சிலவே. நிரல் படித்த செய்தியை அழிக்காவிட்டால் அவை நிரம்பிவிடும். அதன்பின் வரும் செய்தியைக் கருவி ஏற்காது. அது நிறுவனத்தின் செய்தி மையத்திலேயே காத்திருக்கும்.

வயலில் இதன் விளைவு பெரிது. 'நிறுத்து' என்ற செய்தி சேராவிட்டால் கிணறு வற்றிய பின்னும் மோட்டார் ஓடிக் காயில் கருகலாம். மாலையில் அனுப்பிய 'இயக்கு' என்ற செய்தி நள்ளிரவில் வந்து சேரவும் கூடும். ஒவ்வொரு செய்தியோடும் மையம் பதிந்த நேரமும் வருகிறது. அந்த நேரத்தைப் பார்த்துப் பழைய கட்டளையைத் தள்ளுவதும், படித்தவுடன் அழிப்பதும் நல்ல நிரலின் இலக்கணம்.

தமிழ்ச் செய்திகள்

ஒரு குறுஞ்செய்தியின் உள்ளடக்க அளவு 140 பைட். ஏழு பிட் ஆங்கில எழுத்துகளானால் 160 கொள்ளும். ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பைட் தேவைப்படுவதால் 70 மட்டுமே கொள்ளும். உயிர்மெய்யில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியீடு. புள்ளிக்கும் அப்படியே. ஏழு எழுத்துள்ள 'மேல்மலையனூர்' என்ற சொல் இவ்வாறு 12 குறியீடுகளாகிறது.

நீண்ட தமிழ்ச் செய்தி துண்டுகளாகப் பிரிந்து வருகிறது. இணைப்பு விவரத்துக்கு ஆறு பைட் போக, ஒரு துண்டில் 67 குறியீடுகளே மிஞ்சும். துண்டுகள் வரிசை மாறி வரலாம்; தனித்தனி அறைகளில் சேமிக்கப்படுகின்றன. அவற்றை ஒட்டித் தராத நிரலில் செய்தி பாதியில் அறுந்து நிற்கும். ஒருங்குறியை அறியாத நிரலில் தமிழ் வெறும் எண்வரிசையாகவோ கேள்விக்குறிகளாகவோ தோன்றும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கி 2005-இல் வெளியான 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ்ச் செய்தி எழுதும் வழியைத் திறந்தது. எழுதியதைச் சிதையாமல் மீட்பது நூலகங்களின் பொறுப்பாகவே உள்ளது.

இன்றைய நிலை

இணையவழிச் செய்திகள் பெருகிய பின்னும், தரவு இணைப்பு வலுவாக இல்லாத இடங்களில் குறுஞ்செய்தி பயன்படுகிறது. பழைய மோடங்கள் பல 2ஜி அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. ஜியோ போன்று 2ஜி சேவை இல்லாத நிறுவனத்தின் சிம் அவற்றில் வேலை செய்யாது. ஸ்டார்ட்டர் வாங்குவோர் தங்கள் ஊரில் எந்தச் சேவை கிடைக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது.