சொத்து மேலாண்மை மென்பொருள்: ஜொகூரில் ஓர் இயந்திரத்தின் ஐந்து பேரேடுகள்

ஒரு நிறுவனம் வாங்கும் இயந்திரம், வாகனம், கணினி, மேசை நாற்காலி ஆகியவற்றை, வாங்கிய நாள் முதல் விற்றோ உடைத்தோ கழிக்கும் நாள் வரை பின்தொடரும் கணினிப் பதிவேடே சொத்து மேலாண்மை மென்பொருள். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது பழுதுபார்த்தார்கள், இன்று என்ன மதிப்புப் பெறும் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். எளிய கேள்விகள்தான். ஆனால் தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரில், ஒரே இயந்திரத்தைப் பற்றி ஐந்து தரப்பார் ஐந்து விதமாகக் கேட்பார்கள்: கணக்காளர், வருமான வரி வாரியம், தொழிலிடப் பாதுகாப்புத் துறை, சுங்கத்துறை, ஆலையின் ஃபோர்மன். ஐவருக்கும் ஒரே எண்ணின் கீழ் பதில் கிடைக்கச் செய்வதுதான் இந்த மென்பொருளின் உண்மையான வேலை. வண்ண வரைபடங்களும் கைப்பேசிச் செயலியும் அதற்குப் பிறகுதான்.

ஜொகூரில் இயந்திரங்களுக்குப் பஞ்சமில்லை. பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் 1977இல் இயங்கத் தொடங்கியது. தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகம் 1999இல் சோதனை ஓட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைச் சிங்கப்பூரிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இருபதடிப் பெட்டிக் கணக்கில், 2024இல் அங்கே கையாளப்பட்டவை 12 மில்லியனைத் தாண்டின. பெங்கேராங்கில் நாளொன்றுக்கு 300,000 பீப்பாய் எண்ணெய் சுத்திகரிக்கக்கூடிய ஆலை இருக்கிறது. கூலாய், செடெனாக் பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டித் தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் மூத்தது செம்பனை எண்ணெய் ஆலை. பேரேடுகள் எப்படிப் பிரிந்து கிடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போய்விட வேண்டும் என்பது தொழில் நடப்பு. தாமதமானால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறி, தரம் இறங்கும். ஆகவே வரத்து அதிகமான மாதங்களில் ஆலையை நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஆலையின் நடுவே இருக்கும் ஸ்குரூ பிரஸ்ஸில், நாரோடு கலந்து வரும் மணல் திருகை அராவித் தேய்த்துக்கொண்டே இருக்கும். தேயத் தேயத் திருகுக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பிழியப்பட வேண்டிய எண்ணெய் நாரோடு வெளியே போகும். பிரஸ் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது ஃபோர்மனின் லாக் புக்கில் இருக்கும். மாற்றுத் திருகு எப்போது வெளியே போனது என்பது ஸ்டோர் கிராணியின் பேரேட்டில் இருக்கும். நாரில் எவ்வளவு எண்ணெய் தங்குகிறது என்பது ஆய்வுக்கூடத்து நோட்டில் இருக்கும். மூன்றும் மூன்று அறைகளில்.

மென்பொருள் வந்த ஆலையில் இம்மூன்றும் அந்த பிரஸ்ஸின் எண்ணின் கீழ் சேர்கின்றன. ஓட்ட நேரம் வரம்பைத் தொட்டதும் வேலை ஆணை தானாகப் பிறக்கிறது. ஸ்டோரில் திருகு இல்லையென்றால் கொள்முதல் கோரிக்கையும் கூடவே போகிறது. எப்போது மாற்றலாம் என்று ஃபோர்மனும் மேலாளரும் வாதிடும்போது, எண்ணெய் இழப்பு ரிங்கிட்டில் கண்முன் நிற்கிறது.

துறைமுகத்தில் சிக்கல் வேறு மாதிரி. கரையோரப் பளுதூக்கியின் வடங்களில் தொங்கி, கொள்கலனின் நான்கு மூலைகளையும் பூட்டித் தூக்கும் சட்டத்துக்கு ஸ்பிரெடர் என்று பெயர். அடிக்கடி அடிபடுவது அதுதான். பழுதானால் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள். பட்டறையிலிருந்து திரும்பியது இன்னொரு பளுதூக்கிக்குப் போகும். ஸ்பிரெடரைப் பளுதூக்கியின் உறுப்பாக மட்டும் பதிந்து வைத்தால், அதன் பழுதுகளெல்லாம் பழைய பளுதூக்கியின் கணக்கிலேயே தங்கிவிடும். அதனால் நல்ல மென்பொருள் தாய்க்கு ஓர் எண், பிள்ளைக்கு ஓர் எண் தந்து, பிள்ளை இடம் மாறும்போது அதன் வரலாறும் உடன் போகும்படி செய்கிறது. கொள்கலன் கணக்கைப் பார்க்கும் முனைய மென்பொருள் வேறு, இது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்புத் துறையின் எண் இயந்திரத்தின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கும். ஜொகூரில் பதிவான பளுதூக்கியிலும் மின்தூக்கியிலும் ‘ஜே.எச். பி.எம்.ஏ.’ என்றும், காற்றழுத்தக் கலன் போன்றவற்றில் ‘ஜே.எச். பி.எம்.டி.’ என்றும் தொடங்கும் எண்களைக் காணலாம். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ் இவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. வழக்கமான காலம் 15 மாதம். அந்தச் சட்டம் 2024 ஜூன் 1இல் நீக்கப்பட்டு, தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புதிய விதிகள் வந்தாலும் சான்றிதழ் தேவை அப்படியேதான் இருக்கிறது. பதினைந்து மாதம் என்பது தொல்லை பிடித்த கணக்கு. இந்த ஆண்டு மார்ச்சில் வாங்கிய சான்றிதழ் அடுத்த ஆண்டு ஜூனில் முடியும், அதற்கடுத்தது செப்டம்பரில். சுவர் நாட்காட்டியில் குறித்து வைத்தால் தவறிவிடும். சான்றிதழ் முடியப்போவதை முன்கூட்டியே சொல்லும் ஒரே வசதிக்காக மென்பொருள் வாங்கிய தொழிற்சாலைகள் உண்டு என்றால் வியப்பில்லை.

இனி கணக்காளரும் வரி வாரியமும். 100,000 ரிங்கிட்டுக்கு ஓர் இயந்திரம் வாங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு உழைக்கும் என்று கணக்காளர் ஆண்டுக்கு 10,000 ரிங்கிட் தேய்மானம் எழுதுகிறார். வருமான வரிச் சட்டமோ பொதுவான இயந்திரத்துக்குத் தொடக்கச் சலுகையாக 20 விழுக்காடும் ஆண்டுச் சலுகையாக 14 விழுக்காடும் தருகிறது. முதலாண்டில் 34,000, அடுத்த நான்கு ஆண்டுகளில் 56,000, ஆறாம் ஆண்டில் மீதி 10,000 என்று வரிக்கணக்கில் இயந்திரம் தீர்ந்துபோகிறது; நிறுவனக் கணக்கில் அது இன்னும் 40,000 ரிங்கிட் பெறும். ஏழாம் ஆண்டின் தொடக்கத்தில் 30,000 ரிங்கிட்டுக்கு விற்றால், கணக்காளருக்கு 10,000 நட்டம். வரி வாரியத்தின் கண்ணில் அந்த 30,000 ரிங்கிட் முழுவதும் வருமானத்தில் சேர்க்க வேண்டிய தொகை. ஒரே விற்பனை, இரண்டு விடை, இரண்டும் சரி. ஒன்றுக்கு 2,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சிறு பொருளுக்கு வாங்கிய ஆண்டிலேயே முழுச் சலுகை உண்டு என்பதால், எது எந்த வகை என்று வாங்கும்போதே பிரித்துப் பதிய வேண்டும். ஆவணங்களை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

சுங்கத்துறையின் கேள்வி ஜொகூருக்கு மிகவும் பொருந்தும். ஏற்றுமதிக்காக இயங்கும் உரிமம் பெற்ற உற்பத்திக் கிடங்குகளும் சுதந்திர வர்த்தக மண்டலத் தொழிற்சாலைகளும் இங்கே ஏராளம். தீர்வை விலக்கோடு இறக்குமதியான இயந்திரத்தை, பக்கத்துத் தொழிற்சாலைக்கு விற்பதானாலும் பழைய இரும்பாகப் போடுவதானாலும் சுங்க அனுமதி வேண்டும். வரிக்கணக்கில் தீர்ந்து, ஆலையில் துருப்பிடித்து நின்றாலும், சுங்கப் பதிவேட்டில் அது உயிரோடுதான் இருக்கும்.

அரசு அலுவலகங்களில் சொத்தின் கதை மென்பொருளுக்கு முன்பே படிவமாக எழுதப்பட்டுவிட்டது. 2007ஆம் ஆண்டின் ஐந்தாம் இலக்கக் கருவூலச் சுற்றறிக்கை, அசையும் சொத்தின் வாழ்க்கையைப் பெறுதல், பதிதல், பயன்படுத்துதல், பராமரித்தல், கழித்தல், தொலைந்தால் கணக்கிலிருந்து நீக்குதல் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘கியூ.பி.ஏ.’ என்று தொடங்கும் படிவங்களைத் தந்தது. அன்பளிப்பாக வந்த பொருளையும் பதிய வேண்டும். ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகளில் இந்த வேலை பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் தலையில்தான் விழும். அமைச்சின் சுருக்கப் பெயர், பள்ளி, வகை, வாங்கிய ஆண்டு, வரிசை எண் என்று நீளும் முத்திரையைக் கணினிக்கும் அலமாரிக்கும் ஒட்டி, எந்த அறையில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கதவருகே தொங்கவிட வேண்டும். கணினி முறை படிவம் நிரப்பும் வேலையைக் குறைத்தது. அறை அறையாகப் போய் எண்ணிப் பார்க்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவே உலகத்துக்கு ஓர் உதாரணம் தந்திருக்கிறது. அரச மலேசிய ஆகாயப்படையின் எஃப்-5இ போர் விமானத்துக்கான இரண்டு ஜெட் எஞ்சின்கள் 2007இல் கோலாலம்பூர் சுங்கை பீசி தளத்திலிருந்து களவுபோயின. செய்தி வெளியே வந்தது 2009 டிசம்பரில். எஞ்சின்கள் கடைசியில் தென்னமெரிக்காவின் உருகுவேயில் இருப்பது தெரிந்தது. பேரேட்டில் எஞ்சின் இருந்தது, கொட்டகையில் இல்லை.

மருத்துவமனைகளில் பதிவேடு நேராகப் பணத்தைத் தொடுகிறது. அரசு மருத்துவமனைகளின் கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு ஆகிய ஐந்து சேவைகளை மலேசியா 1996இல் தனியாருக்குக் குத்தகையாகத் தந்தது. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் அடங்கிய தென்மண்டலம் மெடிவெஸ்ட் நிறுவனத்துக்குப் போனது. கருவியின் விலையை வைத்துப் பராமரிப்புக் கட்டணம் கணக்கிடப்படும். குறித்த தரம் தவறினால் கட்டணத்தில் பிடித்தம் உண்டு. ஆகவே ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனையில் ஒரு புதிய சுவாசக் கருவி வந்தால், அது எந்தத் தேதியில் பட்டியலில் ஏறுகிறது என்பதில் இரு தரப்புக்கும் அக்கறை இருக்கும். பழுதுபார்த்துக் கட்டுப்படியாகாது என்று சான்று தந்து கருவியைக் கழிக்கும் முறையும் அங்கே நடப்பில் இருக்கிறது. நாடு முழுவதும் மருத்துவக் கருவிகளுக்கு ஒரே விதமான பதிவும் வரலாறும் உருவானதில் இந்தக் குத்தகைக்குப் பங்குண்டு. அதன் செலவு பற்றிய விமர்சனம் தனிக் கதை.

இந்த வகை மென்பொருளின் முன்னோடிகளில் ஒன்று பிறந்தது அமெரிக்காவில். மாசசூசெட்ஸில் 1968இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் 1985இல் மேக்சிமோவை வெளியிட்டது, 2006இல் ஐ.பி.எம். அதை வாங்கிக்கொண்டது. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. தன் பெரும் வணிக மென்பொருளுக்குள்ளேயே ஆலைப் பராமரிப்பை ஒரு பகுதியாக வைத்தது. எண்ணெய் ஆலை, துறைமுகம் போன்ற பெரிய இடங்களில் இவ்வகைதான் புழங்கும். அலுவலகக் கணினிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களிப்பு இருக்கிறது: சென்னையின் ஸோஹோ நிறுவனம் மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில் தரும் அசெட்எக்ஸ்ப்ளோரர், வலையில் இணைந்த கணினிகளையும் அவற்றிலுள்ள மென்பொருள் உரிமங்களையும் தானே தேடிப் பட்டியலிடும். சொத்து மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரம், ஐ.எஸ்.ஓ. 55000, வெளிவந்தது 2014இல்தான்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ஒரு சிறு ஒட்டுத்தாள். பட்டைக் குறியீடு முதன்முதலில் கடையில் வாசிக்கப்பட்டது 1974இல், ஒரு பாக்கெட் சூயிங் கம்மின் மேல்; க்யூ.ஆர். குறியீடு 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், வாகன உதிரிகளைப் பின்தொடரவே உருவானது. அலுவலகத்தில் ஒட்டுத்தாள் நிற்கும். செம்பனை ஆலையின் நீராவியிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் சில வாரங்களில் உரிந்துவிடும். கடற்கரையில் உப்புக்காற்று அரித்துவிடும். எண்ணை வானலையில் அனுப்பும் வில்லைகளுக்கோ உலோகம் பகை. இரும்பின் மேல் நேராக ஒட்டினால் சாதாரண வில்லை வாய் திறக்காது, அதற்கென்று செய்த விலை கூடிய வில்லை வேண்டும். ஆகவே பல ஆலைகளில் எண் பொறித்த தகட்டை ஆணியடித்துப் பொருத்துவதே இன்றும் வழக்கம். மென்பொருளின் விலையைப் பேரம் பேசும் நிர்வாகங்கள் இந்தத் தகட்டைப் பற்றிப் பேச மறந்துவிடுகின்றன.

கடைசிக் கட்டத்துக்கும் விதி இருக்கிறது. பழைய கணினி, மின்சுற்றுப் பலகை போன்ற மின்கழிவு, 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு விதிகளில் எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணின் கீழ் வரும். உரிமம் பெற்ற இடத்துக்கே போக வேண்டும். 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டதால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, கழிவு எங்கே போனது என்பதற்குச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பதை ஜொகூர்த் தொழிற்சாலைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்கூடாயிலோ தம்போயிலோ பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு மேக்சிமோ தேவையில்லை. ஓர் எக்செல் தாள் போதும். அதைத் தாண்டினால் ஸ்னைப்-ஐடி போன்ற இலவசத் திறமூல மென்பொருள் கிடைக்கிறது. எக்செல் தாளில் ஒரு பொருளுக்கு ஒரு வரி; அந்த வரியில் பாதுகாப்புத் துறையின் எண், விலைச்சீட்டின் எண், சுங்கப் பாரத்தின் எண் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஆண்டுக்கு ஒருமுறை, அந்தப் பொருளைத் தினமும் கையாளாத ஒருவர் தாளோடு பட்டறையைச் சுற்றி வந்து எண்ண வேண்டும்.